மண் பார்க்க வந்தவரின் கண்

என் தம்பி வீட்டுப் பின்சுவரை ஒட்டித் தென்னந்தோப்பு இருந்தது. அதை விற்றுவிட்டார்கள் என்பது பலகை நட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பலகையில் பதினாலு மாடிக் கட்டிடம் ஒன்றின் படம். கீழே நீச்சல் குளம், சுற்றிலும் எங்கள் ஊரில் எங்கும் பார்க்க முடியாத பச்சைப் புல். எங்கள் தெருவில் மாடி வைத்த வீடே ஐந்தாறுதான்.

நாகர்கோவிலுக்கும் சுசீந்திரத்துக்கும் இடையில் வயலை மண்ணடித்து நிரப்பிப் போட்ட மனைகள் எங்களுடையவை. மேலே கொட்டிய செம்மண்ணுக்குக் கீழே எல்லாம் பழைய சேறு. தெருவுக்குத் தார் போட ரோலர் வந்தபோதே தம்பி வீட்டு அடுக்களைச் சுவரில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. அவன் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்கு முந்தினது என்னுடையது. நான் ரியாத்தில் நர்ஸாக இருந்து சேர்த்ததில் கட்டினேன். அவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்து சேர்த்ததில் கட்டினான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. அதற்குப் பூட்டு போட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, மகனும் வேலைக்கு வெளிநாடு போன பிறகு, அந்தக் கதவு வழியாகத்தான் குழம்பும் மீனும் தம்பியின் மகளும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

பலகை வந்ததும் தெருவில் சங்கம் கூடியது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தலைவர். எல்லோரும் சாரு என்று கூப்பிடுவோம். கலெக்டருக்கு மனு கொடுத்தார், கோர்ட்டிலும் ஒரு மனு போட்டார். வெயில் மறைந்துபோகும், மழைத் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பும், பெண்பிள்ளைகள் மாடியில் துணி காயப்போட முடியாது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தம்பி மட்டும் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"சாரு, அவனுவோ நம்ம சொவரு ஓரத்துல ரெண்டு பனை ஆழத்துக்குக் குழி தோண்டுவானுவோ. கீழ சேறு. எனக்க வீடு அந்தக் குழிக்குள்ள போவும். வேற ஒண்ணும் இல்ல."

வாத்தியார் அடுத்த ஆளைப் பேசச் சொன்னார். மற்ற வீடுகள் குழியிலிருந்து தள்ளி இருந்தன.

ஒரு நாள் காலையில் தோப்பில் மரம் வெட்ட ஆரம்பித்தார்கள். தெற்கே சாய வேண்டிய ஒரு தென்னை வடக்கே சாய்ந்தது. தம்பியின் பின்சுவரை உடைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே போட்டிருந்த ஷீட்டையும் நொறுக்கிக்கொண்டு விழுந்தது. அவன் மகள் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்போதுதான் அங்கே டிபன் பாத்திரத்தைக் கழுவிவிட்டு உள்ளே போயிருந்தாள்.

தம்பி உடைந்த சுவர் வழியாகவே தோப்புக்குள் இறங்கினான். சத்தம் கேட்டு நானும் ஓடினேன். கட்டிடக்காரர்களின் ஏஜென்ட் அங்கே நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கோபமே இல்லாத ஆள்.

"என்ன நஷ்டம்னு சொல்லுங்க, தரலாம்" என்றான்.

"நஷ்டமா? எனக்க பிள்ள இப்பதாம்லே அங்ஙன நின்னா!"

"அதான் ஒண்ணும் ஆவலியே."

தம்பி அவன் சட்டையைப் பிடித்தான். அவ்வளவுதான். பின்னால் நின்ற இரண்டு தடியன்களில் ஒருவன் தம்பியின் செவிட்டில் அறைந்தான். மரம் பிளப்பது போன்ற சத்தம். தம்பி விழுவதற்குள் இன்னொருவன் வயிற்றில் முட்டியால் இடித்தான். விழுந்தவனின் கழுத்தில் செருப்புக் காலை வைத்து, "எழும்புவியா? எழும்புவியா?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் தம்பியின் முகம் மரத்தூளுக்குள் போய் வந்தது. நான் கத்திக்கொண்டே அந்தக் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் என்னை ஒன்றும் செய்யவில்லை, காலை மட்டும் உதறினான். நிமிர்ந்தபோது உடைந்த சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் மகள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். அவர்களும் ஒன்று கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கேஸ் போட்டால் இரண்டு பக்கமும் அலைய வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தம்பி விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நான் பார்க்கிறேன் என்றதற்கு, "ஒண்ணும் இல்ல எக்கா, விடு" என்று சட்டையை இறக்கிவிட்டான். அதற்குப் பிறகு அவன் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசி நான் காணவில்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து ஜங்ஷனில் போட்டிருந்த தன் கடையில் சாமான் வாங்க வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தான். சாயங்காலமானால் உடைந்த சுவரின் பக்கத்தில் போய் வெறுமனே நிற்பான்.

மண் பரிசோதனை செய்கிறவர்கள் வந்தது ஒரு மாதம் கழித்து இருக்கும். மூன்று பேர், ஒரு மோட்டார். மூன்று இரும்புக் கால்களை உயரமாக நட்டு உச்சியில் கப்பி கட்டியிருந்தார்கள். கனத்த இரும்புக் குண்டு ஒன்று வயரில் மேலே போகும், விடுபட்டுக் குழாயின் தலையில் விழும், குழாய் மண்ணுக்குள் இறங்கும். அது ஒவ்வொரு முறை விழும்போதும் என் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டின. தம்பியின் வீட்டில் அந்த மயிரிழைக் கீறல் விரலை நுழைக்கலாம் போல வாய் திறந்தது. தம்பி மனைவி நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மைனி, சொவரு பேசுகு மைனி! உள்ள நிக்க பயமாட்டு இருக்கு."

நான் மாடிக்கு ஏறினேன். அங்கிருந்து தோப்பு முழுக்கத் தெரியும். அதற்குள் தெருவே அங்கே கூடிவிட்டது. வாத்தியார் கையில் மனுவின் நகலோடு முன்னால் நின்றார்.

"கோர்ட்டுல மனு இருக்கு. தீர்ப்பு வராம ஒரு கம்பியும் எறக்கப்பிடாது."

மூன்று பேரில் மூத்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் துண்டு. கோவில்பட்டிப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது.

"ஐயா, நாங்க கட்டவா வந்தோம்? மண்ணு எப்படி இருக்குன்னு எடுத்துப் பாத்துச் சொல்றவங்க. சேறா இருந்தா சேறுன்னுதான் சொல்லுவோம். இது இத்தன மாடிக்குத் தாங்காதுன்னு நாங்களே எழுதிக் குடுத்தாலும் குடுப்போம்."

யாரோ சிரித்தார்கள். "காசு வாங்குகவன் அப்படியா எழுதுவான்?" என்று ஒரு குரல். அந்த ஆள் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெருப் பையன்கள் நாலைந்து பேர் வயரைப் பிடித்து இழுத்தார்கள். மூன்று கால்களும் ஒருபுறமாகச் சாய்ந்து மண்ணில் விழுந்தன. மற்ற இரண்டு வேலைக்காரர்களும் ஓடிவிட்டார்கள். இந்த ஆள் மட்டும் ஓடவில்லை. மோட்டாரை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை போல. அதைக் கட்டிப்பிடித்தபடி, "மிஷினை மட்டும் விட்டுருங்கய்யா, எம்மேல எழுதிருவாங்க" என்று கெஞ்சினார். ஒருவன் இடுப்பில் உதைத்தான். இன்னொருவன் துண்டைப் பிடித்து இழுத்தான். எனக்குத் தெரிந்தவர்கள். கோவில் கொடைக்கு வரி பிரிப்பவர்கள், என் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கித் தந்தவர்கள்.

அப்போது தம்பி வந்தான். கூட்டத்தின் ஓரத்திலிருந்து, அவசரமே இல்லாமல். கீழே கிடந்த இரும்புக் குழாய் ஒன்றைக் குனிந்து எடுத்தான். நான் மாடியிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த ஆள் மோட்டாரின் மேல் கவிழ்ந்திருந்தார். தம்பி பக்கவாட்டில் நின்று குழாயைச் சுழற்றினான். ஒரே அடிதான். அவர் தலை மோட்டாரில் மோதி நிமிர்ந்தது.

நான் படியிறங்கி ஓடிச் சேர்வதற்குள் தோப்பில் பாதிப்பேர் இல்லை. அந்த ஆள் மண்ணில் உட்கார்ந்து இடது பக்கத்து முகத்தை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்தது. அடுத்த வீட்டு அம்மா ஒருத்தி செம்பில் தண்ணீரோடு வந்தாள், கழுவிவிட. "வேண்டாம், தொடாதீங்க!" என்று கத்தினேன். கையை விலக்கிப் பார்த்தேன். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். பார்த்த உடனே தெரிந்தது. கண் உடைந்திருந்தது.

அழுத்தக் கூடாது. எதுவும் அதில் படக் கூடாது. தொழிலாளிகள் டீ குடித்துவிட்டுப் போட்ட பேப்பர் கப்புகளுக்குப் பக்கத்தில் புதுக் கப்புகள் கொஞ்சம் அடுக்கி இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக் கண்ணின் மேல் குடை மாதிரிக் கவிழ்த்து, என் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன்.

"யாராவது காரை எடுங்க!"

தெருவில் ஆறு கார் உண்டு. வாத்தியாரைப் பார்த்தேன். "ஆம்புலன்சுக்குச் சொல்லலாம் சிஸ்டர், நாம இதுல தலையிடப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கேட்டுகள் மூடுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. தம்பி நின்ற இடத்தில் குழாய் மட்டும் கிடந்தது. நான் அவரை என் தோளில் சாய்த்து மெயின் ரோடு வரைக்கும் நடத்திப்போய் ஒரு ஆட்டோவை மறித்தேன்.

ஆட்டோவில் அவர் கேட்டார். "கண்ணு இருக்கா தாயி?"

"மூடி வச்சிருக்கேன். கையக் கொண்டுபோவாதீங்க."

"இருக்கான்னுல்ல கேட்டேன்."

கண்ணுக்குப் போன அவர் கையைப் பிடித்து இறக்கினேன். ஒரு பள்ளத்தில் ஆட்டோ குலுங்கியபோது அவர் என் மடியில் வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு, "சீலையெல்லாம் பாழாப்போச்சே தாயி" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே கண்ணை எடுத்துவிட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது என் வீட்டு முன்னறையில் சங்கம் உட்கார்ந்திருந்தது. எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். இரும்புக் கால்கள் சரிந்தன, குழாய் உருண்டு அந்த ஆளின் மேல் விழுந்தது என்று சொல்ல வேண்டும். அடித்தது யாரென்று அந்த ஆளும் பார்க்கவில்லை, கூட வந்தவர்கள் முன்னாலேயே ஓடிவிட்டார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னால் போதும். அவர்கள் போன பிறகு தம்பி நடுக்கதவு வழியாக வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்தான். குளித்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எக்கா, வழுவி விழுந்துன்னு ஒரு வார்த்த. அது மதி."

"ஏம்லே அப்படிச் செய்த? அவரு ஒனக்கு என்ன செய்தாரு?"

"அந்த நேரம் அந்த ஏஜென்டுக்க மொகந்தான் எனக்குத் தெரிஞ்சு. சத்தியமாட்டு அவன்னுதான் நெனச்சேன்." தலைத் தண்ணீரை உள்ளங்கையால் வழித்துவிட்டான். பிறகு, "ஆளு பொழச்சிருவானா?" என்று கேட்டான்.

"உயிருக்கு ஒண்ணும் இல்ல. கண்ண எடுத்தாச்சு."

அவன் தலையைச் சுவரில் இடித்தான். மறுபடியும் இடித்தான். நான் நடுவில் கையை வைத்தேன். என் கையின் மேலேயே இடித்தான்.

மறுநாள் காலையில் ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். பொய் சொல்லத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் முதல் கேள்வியே யார் அடித்தது என்று கேட்டிருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியும் இருப்பேன். ஆனால் அவர், "கண்ணுல பேப்பர் கப்பைக் கட்டுனது நீங்கதானா? டாக்டர் சொன்னாங்க" என்று ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். ஏன் கப்பு என்று கேட்டார். விளக்கினேன். உடைந்த கண்ணில் துணி பட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். அது எப்படி உடைந்தது, எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது என்று அவர் கேட்கக் கேட்க என் வாய் நடந்ததையே சொல்லிக்கொண்டு போனது. இந்தப் பக்கத்திலிருந்து, இந்த உயரத்தில், ஒரே அடி. நடுவில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த ஆள் என் மடியில் எடுத்த வாந்தியின் வாசனை குளித்த பிறகும் என் மூக்கில் இருந்தது.

"அடிச்சது யாரு?"

"எனக்க தம்பி."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "கூடப் பிறந்த தம்பியா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் எழுதினார். மத்தியானத்துக்குள் கடையிலிருந்தே அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

சாயங்காலம் தம்பி மனைவி வந்தாள். நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து என் கொண்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். குடம் உருண்டது. முதுகில் மிதித்தாள், முகத்தைத் தரையில் தேய்த்தாள். "ஒங்களுக்கு மவன் வெளிநாட்டுல இருக்கான்! எனக்கு யாரு இருக்கா? யாரு இருக்கா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டாள். முதலில் வாங்கிக்கொண்டேன். அவள் நகம் என் கன்னத்தைக் கிழித்தபோது எனக்குள்ளும் ஏதோ கிளம்பிவிட்டது. திரும்பி அவள் வாயில் குத்தினேன். உதடு கிழிந்து என் விரல் முட்டியெல்லாம் ரத்தம். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தியும் நாற்பதைத் தாண்டிய ஒருத்தியுமாக ஈரத் தார் ரோட்டில் கட்டிப் புரண்டோம். கேட்டுகளுக்குப் பின்னால் நின்று தெரு பார்த்தது. யாரும் விலக்கிவிடவில்லை. அவள் மகள்தான் அழுதுகொண்டே ஓடி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தாள்.

அதற்குப் பிறகு என் ஜன்னல் கண்ணாடி ஒன்றும் மிஞ்சவில்லை. விடிந்து கதவைத் திறந்தால் படியில் அழுகின மீன் தலைகள் கிடக்கும். தெருமுனைக் கடையில் எனக்கு மட்டும் பால் தீர்ந்துபோயிருக்கும். "சொந்தத் தம்பியக் காட்டிக் குடுத்தவ" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார்கள். மகன் போனில் அழுதான், வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடச் சொன்னான். நான் போகவில்லை. பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

தம்பி ஜாமீனில் வந்ததும் முதலில் செய்த வேலை நடுக்கதவைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்தது. கொத்தனாரைக் கூப்பிடவில்லை. அவனே சிமென்ட் குழைத்து அடைத்தான். இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் செங்கல் வைக்கும்வரை அவன் நிமிரவில்லை.

சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரம், முன்கதவை யாரோ வெட்டுகிற சத்தம் கேட்டது. நிஜமாகவே வெட்டுகிற சத்தம். தேங்காய் வெட்டுகிற வெட்டோத்தியை வைத்துக்கொண்டு தம்பி என் கதவைக் கொத்திக்கொண்டிருந்தான். குடித்திருந்தான். தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்தது. உள்ளே வந்து டிவியை வெட்டினான். சோபாவை வெட்டினான். என் வீட்டுக்காரர் படத்தின் மேல் ஓங்கியவன் அதை மட்டும் விட்டுவிட்டான்.

"சொல்லுட்டி! ஒனக்கு அவன் ஆரு? அவன் ஒனக்கு ஆரு?"

"ஆருமில்ல."

"நான் ஆரு?"

"எனக்க தம்பி."

"பின்ன?"

நான் பேசாமல் நின்றதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். வெட்டோத்தியைத் திருப்பி அதன் முதுகால் ஓங்கினான். முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினேன். மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

வெட்டோத்தி கீழே விழுந்தது. கை சாப்பாட்டுக் கரண்டி போல வளைந்து தொங்குவதை அவன் பார்த்தான். "எக்கா" என்றான். பிறகு ஓடிப்போய் அவன் பைக்கை எடுத்து வந்தான். "ஏறு எக்கா. ஏறு" என்றான். நான் ஏறினேன். நைட்டிக்கு மேல் போட்டிருந்த துப்பட்டாவால் கையை நானே கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் காலை ஊன்றி ஊன்றி இறக்கினான்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் கையைப் பார்த்தார், கதவோரம் நிற்கிற அவனைப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன்."

"இது விழுந்த மாதிரி இல்லியே."

"மாடிப்படியில விழுந்தேன் டாக்டர். நானும் நர்ஸுதான். எழுதிக்கிடுங்க."

அந்த ஆளின் கண்ணுக்காகச் சொல்ல முடியாத பொய்யை இதற்குச் சொல்வதில் எனக்கு ஒரு தடங்கலும் இல்லை. இது என் கை. மாவுக்கட்டுப் போட்டு முடியும்வரை அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுநாள் தச்சரைக் கூப்பிட்டுக் கதவைச் சரிபண்ணிக் கொடுத்தான். ஆனால் பேசவில்லை. செங்கல் அடைப்பும் அப்படியே இருந்தது.

இதற்கெல்லாம் காத்திருந்தது போல அந்த ஏஜென்ட் தெருவுக்கு வந்தான், அதே வெள்ளைச் சட்டையில். வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து பேசினான். கண் போன ஆளைச் சமாதானம் செய்வது கட்டிடக்காரர்களின் பொறுப்பு. அவர் கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார். மிஷினை உடைத்ததற்கும் கூட்டம் கூடியதற்கும் தெருவில் பாதிப்பேர் மேல் இருக்கிற கேஸும் போய்விடும். பதிலுக்குத் தெரு கோர்ட்டில் போட்ட மனுவைத் திரும்பப் பெற வேண்டும். அவ்வளவுதான். வாத்தியார் முதலில் கையெழுத்துப் போட்டார். அவருடைய மகன் பெயரும் அந்தக் கேஸில் இருந்தது. தம்பியும் போட்டான். குழிக்குப் பக்கத்தில் இருப்பவன் அவன்தான். ஆனால் ஜெயிலுக்குப் போக இருந்தவனும் அவன்தான்.

என்னிடமும் வந்தார்கள். போலீசில் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் அந்த ஆளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்திருந்தேன்.

"கேஸு நடத்தணும்னா நான் எப்பவும் உங்க பக்கந்தான். என்ன செய்யச் சொல்லுறீங்க?" என்று கேட்டேன்.

"தாயி, ஒரு வாய்தாவுக்கு நான் இங்கயிருந்து மூணு பஸ் மாறி வரணும். ஒத்தக் கண்ணுல இருட்டுனா தடுமாறுது. குடுக்குறத வாங்கிக்கிட்டேன் தாயி. ஒரு பெட்டிக்கடை வைக்கப்போறேன்." பிறகு, "அடிச்சது உங்க தம்பியாமே" என்றார்.

"ஆமா."

"நீங்கதான் சொன்னீங்களாம்."

"ஆமா."

வைக்கட்டுமா தாயி என்று கேட்டுவிட்டு வைத்தார். நான் மாற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. வக்கீல்கள் மேல் கோர்ட்டுக்குப் போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள்.

அடுத்த மழைக்கு முன்னாலேயே குழி தோண்டினார்கள். தம்பி சொன்னது போலத்தான் நடந்தது. கீழே சேறு. தூண்களுக்காகப் பெரிய இயந்திரம் மண்ணைக் குடைந்தபோது அவன் அடுக்களை ஒரு பக்கமாக இறங்கியது. ஒரு நாள் மழையில் பின்பக்கத்து அறை மொத்தமாகப் பிளந்து குழிக்குள் சரிந்தது. நல்லவேளை, அந்த நேரம் யாரும் அதில் இல்லை. தம்பியும் மனைவியும் போய் முறையிட்டார்கள். எதிர்ப்பு இல்லை என்று தெரு எழுதிக் கொடுத்த தாளைக் கட்டிடக்காரர்கள் எடுத்துக் காட்டினார்களாம். கடைசியில் வீட்டையே கட்டிடக்காரர்களுக்கு விற்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் அவர்களுக்கு வழி வேண்டியிருந்தது. தம்பி குடும்பத்தோடு அஞ்சுகிராமத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனான்.

போகிற அன்று டெம்போவில் சாமான் ஏற்றிவிட்டு என் வாசலில் வந்து நின்றான். படியேறவில்லை.

"கை எப்படி இருக்கு?"

"திருப்ப முடியல. மத்தபடி வேலை செய்யுகேன்."

"ம்" என்றான். "வாரேன் எக்கா" என்று சொல்லிவிட்டு டெம்போவின் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

வீட்டை இடிக்க ஜேசிபி வந்தது அதற்கும் ஒரு வாரம் கழித்து. ஜன்னல் கம்பிகளையும் கதவுகளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்ததால் தம்பி மனைவி மட்டும் ஒரு மினி லாரியோடு வந்திருந்தாள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். ஜேசிபி முதலில் மாடிச் சுவரில் இடித்தது. மகளின் அறை. ரோஜா நிறப் பெயின்ட் வெளியே தெரிந்து, பிறகு புழுதியாகி விழுந்தது. மத்தியானத்துக்குள் வீடு இல்லை. செங்கல் அடைப்பு இருந்த நடுச்சுவர் மட்டும் என் பங்கு என்பதால் நின்றது.

வெயில் கொளுத்தியது. லாரியில் கம்பிகளை ஏற்றிவிட்டு அவள் என் கேட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் புழுதி. உதட்டில் அன்றைக்குக் கிழிந்த இடம் வெள்ளைக் கோடாக இருந்தது.

"மைனி, கொஞ்சம் வெள்ளம் தாருங்க."

பானைத் தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். இன்னொன்று வேண்டும் என்று நீட்டினாள். அதையும் குடித்தாள்.

"அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"தூங்க மாட்டங்காரு. தூங்கினா குழாய் குழாய்னு கத்துகாரு." டம்ளரைத் திருப்பித் தந்தாள். "எனக்கு ஒங்க மேல உள்ள கோவம் போவாது மைனி. நான் சாவுற வரைக்கும் போவாது."

"போவாண்டாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். லாரி டிரைவர் ஹார்ன் அடித்தான். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வரவேண்டும் என்கிறாள், அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பு என்றேன். அவள் லாரியின் பின்பக்கம் கம்பிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்து, சீலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.